பெட்டி சொன்னால் வேதமா?

“உங்களுக்கு ஏன் ஐயா இந்த வேலை? கதை எழுதுகிறவர் கதையை எழுதிக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி யந்திரங்களைப் பற்றிப் பேச நாங்கள் இருக்கிறோம்” என்று ஒரு டாக்டர் நண்பர் என்னிடம் கோபித்துக்கொண்டார். அவர் நல்லவர், கெட்டிக்காரர், என் கதைகளை விடாமல் படிக்கிறவரும்கூட. ஆகவே அவருடைய கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவருடைய யோசனையை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பேசுவதற்கு அவர்கள் இருந்தார்கள் என்பது வாஸ்தவம். பேசியவர்கள் இரண்டொருவர்தாம் என்பதும், கேட்டவர்கள் அதைவிடக் குறைவு என்பதும் வாஸ்தவமே. முப்பது வருஷங்கள் அப்படியே கழிந்தன. அதனால்தான் கதைக்காரன் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

நான் பேசப்போவது விரல் நுனியில் மாட்டுகிற அந்தச் சின்னக் கிளிப்பைப் பற்றி. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் என்று பெயர். இன்று அது தெரியாத வீடு இல்லை. 2021ஆம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் நம்மில் எத்தனை பேர் அதை விரலில் மாட்டிக்கொண்டு, எண் ஏறுமா இறங்குமா என்று ஜாதகம் பார்ப்பதுபோல் பார்த்திருந்தோம்! 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. மேலே இருந்தால் வீடு. அந்த எண்தான் அன்று நம்முடைய விதி. அந்த விதியை எழுதிய பேனாவின் முனை நேராக இருந்ததா என்பதே என் கேள்வி.

முதலில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், ரயில் பாதை வேலையில் நாற்பது வருஷம் வெயிலில் நின்றவர். இயற்கையிலேயே நல்ல கறுப்பு. வெயில் அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசியிருந்தது. நுரையீரலில் சளிக் காய்ச்சல் கண்டு அவரை ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தோம். இரவு ஒன்பது மணிக்கு ஐந்து நிமிஷம் என்னை உள்ளே விட்டார்கள். முகத்தில் பிராணவாயு முகமூடி. கையில் ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துகிற மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கையைப் பிடித்தேன், பச்சைத் தண்ணீரில் நனைத்ததுபோல் சில்லென்றிருந்தது.

“தம்பி, மூச்சு முட்டுது. இவங்ககிட்ட சொல்லு” என்றார் அத்தான்.

சொன்னேன். நர்ஸ் பெண் அவருடைய தலைக்கு மேலிருந்த பெட்டியைப் பார்த்தாள். “94 இருக்கு சார். ஆக்ஸிஜன் நல்லாத்தான் இருக்கு. தாத்தா பதட்டப்படறார்” என்றாள். வந்த டாக்டரும் பெட்டியைத்தான் பார்த்தார். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே வாங்கிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. “தூங்கினா சரியாயிடும்” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

விடியற்காலையில் யாரோ ஒருவருக்குச் சந்தேகம் வந்து, மணிக்கட்டு நாடியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். பெட்டி அப்போதும் 94 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ரத்தம் 86 என்றது. அரைமணி நேரத்தில் தொண்டைக்குள் குழாய் போட்டுச் செயற்கைச் சுவாச யந்திரத்தில் சேர்த்தார்கள்.

அத்தான் பிழைத்துவிட்டார். ஆகவே யார்மீதும் எனக்கு வழக்கில்லை. ஆனால் குழாயை எடுத்து, குரல் திரும்பியபின் அவர் என்னிடம் முதலில் சொன்ன வார்த்தை இதுதான்: “என் மூச்சைப் பத்தி நான் சொன்னா நம்பலை. பெட்டி சொன்னா நம்பறாங்க.”

அந்த வார்த்தை என்னை விடவில்லை. பெட்டி எப்படிச் சொல்லுகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமக்கும்போது பளிச்சென்ற சிவப்பு. சுமையை இறக்கிவிட்டால் கருஞ்சிவப்பு. கிளிப்பின் ஒருபக்கத்திலிருந்து இரண்டு ஒளிகள் பாய்கின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரியும் சிவப்பு. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இரண்டு வகை ஹீமோகுளோபினும் இவ்விரண்டு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் விழுங்குகின்றன. மறுபக்கம் எவ்வளவு ஒளி வந்து சேருகிறது என்பதைக் கொண்டு, நூற்றுக்கு எத்தனை பங்கு ஹீமோகுளோபின் சுமையோடு போகிறது என்று கணக்குப் போடுகிறார்கள்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் டகுவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். 1974இல் நிஹான் கோடன் என்ற கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்பதை, ரத்தத்தில் சாயம் கலந்து, காதில் ஒளி பாய்ச்சி அளக்க முயன்றார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. வேறொருவராக இருந்தால் துடிப்பைத் தொலைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார். அவர் அந்தத் தொந்தரவையே பிடித்துக்கொண்டார். துடிப்பது தமனி ரத்தம் ஒன்றுதான். எலும்பும் சதையும் தோலும் துடிப்பதில்லை. ஆகவே துடிக்கிற பங்கை மட்டும் பிரித்தெடுத்தால் மற்றதெல்லாம் கணக்கில் அடிபட்டுப்போகும் என்று கண்டார். அந்த மனிதரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். 2020 ஏப்ரலில், உலகமே தன் யந்திரத்தை விரலில் மாட்டிக்கொண்டிருந்த சமயத்தில், அவர் காலமானார்.

அவருடைய தத்துவம் அழகானது. தோல் துடிக்காது, எனவே தோலின் நிறம் ஒரு பொருட்டல்ல. காகிதத்தில் இதற்கு மறுப்பே இல்லை. ஆனால் விரல் காகிதமல்ல.

இங்கேதான் வாசகர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். இந்த யந்திரம் பிராணவாயுவை நேரே எண்ணுவதில்லை. இரண்டு ஒளிகளின் விகிதத்தை எடுத்துக்கொண்டு, அதன் வயிற்றுக்குள் இருக்கும் ஓர் அட்டவணையைப் பார்க்கிறது: ‘இந்த விகிதமா? அப்படியானால் 94.’ அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது? ஆரோக்கியமான வாலிபர்களைப் படுக்கவைத்து, பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, படிப்படியாகத் தமனி ரத்தம் எடுத்து ஒப்பிட்டு எழுதிய அட்டவணை அது. 70க்குக் கீழே மனிதரைக் கொண்டுபோவது ஆபத்து என்பதால் அங்கே நிறுத்திக்கொள்வார்கள். அதற்குக் கீழே யந்திரம் காட்டுவதெல்லாம் உத்தேசம்.

அந்த வாலிபர்கள் யார்? 2013இல் அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகம் வகுத்த நெறியைப் பாருங்கள். குறைந்தது பத்துப் பேரை வைத்துச் சோதிக்க வேண்டுமாம். அதில் குறைந்தது இரண்டு பேர், அல்லது நூற்றுக்குப் பதினைந்து பேர், கறுத்த தோலுள்ளவர்களாக இருந்தால் போதுமாம். வெயிலில் வெந்த தேசங்களுக்கெல்லாம் சேர்த்துப் பிரதிநிதிகள் இரண்டே பேர்! அதுவும் நோயற்றவர்கள், கை சூடாக இருப்பவர்கள், ஆடாமல் அசையாமல் கிடப்பவர்கள்.

சாகக் கிடக்கிறவன் விரல் அப்படியா இருக்கிறது? ரத்த அழுத்தம் விழுந்தவனுக்கு உடம்பு ரத்தத்தையெல்லாம் இதயத்துக்கும் மூளைக்கும் இழுத்துக்கொள்கிறது; விரல் நுனி வறண்டுபோகிறது. அழுத்தத்தை உயர்த்தக் கொடுக்கும் மருந்து அந்தச் சின்னக் குழாய்களை இன்னும் சுருக்குகிறது. துடிப்பைக் கொண்டுதானே கணக்கு? துடிப்பே மங்கிவிட்டால் யந்திரம் எதைப் பிடிக்கும்? கை நடுங்கினால் நடுக்கத்தையும் நாடி என்று எண்ணும். புகையில் சிக்கியவனுடைய ரத்தத்திலிருக்கும் கார்பன் மோனாக்ஸைடு விஷத்தைப் பிராணவாயு என்றே நினைத்து நல்ல எண்ணைக் காட்டும். ரத்தசோகைக்காரனிடம் சுமக்க ஆளே இல்லை. இருக்கிற சில ஆட்கள் தலையில் சுமை இருக்கிறதென்று 98 காட்டும். முகமூடியில் பிராணவாயு ஏற்றிக்கொண்டிருக்கும்போது, மூச்சு மந்தமாகிக் கரியமிலவாயு உள்ளே தேங்கி மயக்கத்தில் ஆழ்த்தினாலும் அதற்குத் தெரியாது. எந்த நோயாளிக்கு இந்த எண் மிகமிக அவசியமோ, அவனிடத்திலேதான் இது தடுமாறுகிறது.

எட்டு எண் வித்தியாசம் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். பரீட்சையில் 94க்கும் 86க்கும் பெரிய பேதமில்லை; இரண்டும் முதல் வகுப்பு. மூச்சுக் கணக்கு வேறு. ரத்தத்தில் பிராணவாயுவின் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 60 மில்லிமீட்டர் இருக்கும்போது எண் 90. அதுவரை சமவெளி, அதற்குக் கீழே சறுக்குப்பாறை. 94 சமவெளியில் நிற்கிறது. 86 சறுக்கிக்கொண்டிருக்கிறது.

இது தெரியாமல் நடந்ததா? இல்லை. என் வழக்கே இதுதான். 1990இலேயே ஜுப்ரான், டோபின் என்ற இரு வைத்தியர்கள் செயற்கைச் சுவாசத்திலிருந்த 54 நோயாளிகளை வைத்து ஆராய்ந்து ‘செஸ்ட்’ என்ற அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார்கள். விரல் எண்ணுக்கும் ரத்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் வித்தியாசப்பட்ட அளவுகள் வெள்ளையரிடம் நூற்றுக்கு 11, கறுப்பரிடம் 27. வெள்ளையருக்கு 92ஐக் குறியாக வைத்தால் போதும், கறுப்பருக்கு 95 வேண்டியிருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அச்சேறியது. எல்லோரும் படிக்கிற பத்திரிகை. பிறகு? பிறகு ஒன்றுமில்லை. யந்திரங்கள் விற்பனையாயின. ஆஸ்பத்திரிகள் ஒரே குறியை எல்லோருக்கும் வைத்துக்கொண்டன.

2020இல் கொள்ளைநோய் வந்து, உலகத்தின் மூச்சே அந்த எண்ணில் தொங்கியபோது, ஏமி மொரான் தாமஸ் என்ற பெண்மணி ‘பாஸ்டன் ரிவ்யூ’வில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் டாக்டரல்ல, மானிடவியல் ஆசிரியை. வீட்டில் வாங்கிவைத்த கிளிப்பைப் பார்த்து, ‘இது எந்தத் தோலுக்காகச் செய்யப்பட்டது?’ என்று கேட்டார். அதன்பிறகுதான் மிஷிகன் பல்கலைக்கழகத்து வைத்தியர்கள் தங்கள் ஆஸ்பத்திரிக் கணக்குகளைப் புரட்டினார்கள். அவ்வருஷம் டிசம்பரில் முடிவு வெளிவந்தது. விரலில் 92 முதல் 96 வரை காட்டிய சமயங்களில், ரத்தம் உண்மையில் 88க்கும் கீழே கிடந்தது, வெள்ளையரிடம் நூற்றுக்கு 3.6 தடவை; கறுப்பரிடம் 11.7 தடவை. 178 ஆஸ்பத்திரிகளின் கணக்கைப் பார்த்தபோது 6.2க்கு 17. சுமார் மூன்று மடங்கு!

கதைக்காரன் வாய் திறக்கக்கூடாது என்ற டாக்டர் நண்பருக்கு இந்த ஒரு சம்பவமே பதில். வைத்தியத்துக்கு வெளியே நின்ற ஒருத்தி கேட்ட பிறகுதான் உள்ளே இருந்தவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள்.

இனி ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

முதல் ஆட்சேபணை: “சராசரியாகப் பார்த்தால் பிழை இரண்டு மூன்றுதான்.” இருக்கட்டும். ஊரில் ஒரு கடை, ஒரு தராசு. மொத்தமாகக் கூட்டிக் கழித்தால் நிறை சரி. ஆனால் கீழத்தெருக்காரர்கள் வந்தால் மட்டும் அது அடிக்கடி ஏமாற்றுகிறது. கடைக்காரர், “சராசரி சரியாக இருக்கிறதே!” என்றால் விடுவோமா? அரிசித் தராசுக்குக்கூட முத்திரை குத்த ஓர் அதிகாரி வருகிறார். உயிர்த் தராசுக்கு இரண்டு பேர் விரலைப் பார்த்தால் போதும் என்றால் இது எந்த ஊர் நியாயம்? விற்பனைக்கு அங்கீகாரம் பெற்ற யந்திரம் 90 காட்டினால் உண்மை அளவு பெரும்பாலும் 86க்கும் 94க்கும் இடையே எங்கேயோ இருக்கும் என்று அந்த அமெரிக்க நிர்வாகமே 2021இல் எச்சரித்தது. இந்த வாக்கியம் எந்தப் பெட்டியின் முகத்தில் எழுதியிருக்கிறது?

இரண்டாவது: “மிஷிகன் ஆராய்ச்சி பழைய கணக்குகளைப் புரட்டிச் செய்தது. விரலைப் பார்த்த நேரமும் ரத்தம் எடுத்த நேரமும் பத்து நிமிஷம்வரை வித்தியாசப்படலாம்.” ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் வெள்ளையருக்கும் உண்டு, கறுப்பருக்கும் உண்டு. பொதுவான குறை ஒருவர் தலையில் மட்டும் மூன்று மடங்காக விடியுமா?

மூன்றாவது: “நாங்கள் எண்ணுக்கு வைத்தியம் செய்வதில்லை, நோயாளியைப் பார்த்துத்தான் செய்கிறோம்.” எல்லா நல்ல டாக்டர்களும் இதைச் சொல்லுகிறார்கள். மனசாரத்தான் சொல்லுகிறார்கள். ஆனால் மருந்து கொடுப்பதற்கும் படுக்கை கொடுப்பதற்கும் எல்லைக்கோடு எண்ணால்தானே போடப்பட்டது? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்தின் ஐந்து ஆஸ்பத்திரிகளில் நடந்த கோவிட் சிகிச்சையை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். விரல் எண் கூடுதலாகக் காட்டியதால், இன்ன மருந்துக்கு இவர் தகுதியானவர் என்று கண்டுகொள்வது கறுப்பருக்கும் லத்தீன் அமெரிக்க வம்சத்தவருக்கும் தாமதமாகியிருக்கிறது. சிலர் விஷயத்தில் கண்டுகொள்ளவே இல்லை. இது நோயாளியைப் பார்த்துச் செய்த வைத்தியமா?

நான்காவது: “அப்படியானால் மணிக்கு ஒருதரம் எல்லோருடைய தமனியிலும் ஊசி குத்தச் சொல்லுகிறீரா?” இல்லை. ஊசி வலிக்கும், செலவாகும் என்பதை அறிவேன். நான் கேட்பது வேறு. கடுமையாக மூச்சுத் திணறி வருகிறவருக்கு ஆரம்பத்திலேயே ஒருதரம் ரத்தம் எடுத்து, விரலுக்கும் ரத்தத்துக்கும் இவரிடத்தில் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தூரமும் நிரந்தரமல்ல. நிலைமை மாறினால் மறுபடி பாருங்கள். எண் நன்றாக இருக்கிறது, மனிதர் நன்றாக இல்லை என்றால், எண்ணைச் சந்தேகியுங்கள், மனிதரை அல்ல.

ஐந்தாவது ஆட்சேபணைதான் எனக்கு உண்மையாகவே தயக்கம் தருகிறது. “இப்படி எழுதினால் ஜனங்கள் பயந்துபோய் யந்திரத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதனால் சாகிறவர்களுக்கு நீர் பொறுப்பா?” ஐயா, எறியாதீர்கள். இருகரம் கூப்பிச் சொல்லுகிறேன், எறியாதீர்கள். மூச்சுத் திணறல் உறைக்காமலே உள்ளுக்குள் பிராணவாயு குறைந்துகொண்டிருந்த எத்தனையோ பேரை 2021இல் இது காட்டிக்கொடுத்துக் காப்பாற்றியது. எண் இறங்கிக்கொண்டே போனால் அது எச்சரிக்கைதான், உடனே ஓடுங்கள். எண் நன்றாக இருந்து மூச்சு முட்டினாலும் ஓடுங்கள். கெட்ட செய்தியை நம்புங்கள். நல்ல செய்தியைக் கொஞ்சம் விசாரியுங்கள். இதைப் புரிந்துகொள்ள ஜனங்களுக்குப் புத்தி போதாது என்று நினைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

நம்முடைய சங்கதிக்கு வருகிறேன். அந்த ஆராய்ச்சிகளெல்லாம் அமெரிக்காவில் நடந்தவை. அங்கே ‘ஆசியர்’ என்று ஒரு பத்தி உண்டு. அந்த ஒரே பத்தியில் சீனரும் இருக்கிறார், ஜப்பானியரும் இருக்கிறார், எங்கள் அத்தானைப் போன்றவரும் இருக்கிறார். வெள்ளை வெளேரென்ற கொரியரையும் ராமநாதபுரத்து உழவரையும் கூட்டி இரண்டால் வகுத்து வரும் எண் எந்த விரலுக்குப் பொருந்தும்? சிவப்பில் தொடங்கி அட்டக் கறுப்புவரை ஒரே குடும்பத்திலேயே எல்லா நிறமும் காண்கிற தேசம் இது. நிறத்தைப் பார்த்துப் பெண் வேண்டாமென்று சொல்ல நமக்குத் தெரிகிறது. நிறத்தைப் பார்த்து யந்திரத்தைச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் போய் நிறத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று நினைக்கிறோம். ஒளிக்கு நாகரிகம் தெரியாது. தோலில் எவ்வளவு கறுப்பு இருக்கிறதோ அவ்வளவையும் அது சந்தித்துத்தான் போகிறது.

வெளிதேசத்தில் காரியம் தொடங்கியிருக்கிறது. மார்கரெட் வைட்ஹெட் அம்மையார் தலைமையில் பிரிட்டனில் அமைந்த குழு, வைத்தியக் கருவிகளின் பாரபட்சத்தை ஆராய்ந்து 2024இல் அறிக்கை கொடுத்தது. அமெரிக்க நிர்வாகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட நகல் நெறி, பத்துப் பேர் போதாது, நூற்றைம்பது பேருக்குக் குறையாமல், எல்லா நிறத்தாரையும் வைத்துச் சோதிக்க வேண்டும் என்றது. பத்து நூற்றைம்பதாக வளர்ந்ததே முன்பு செய்தது போதாது என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம். ஆனால் நம்முடைய விரலை அவர்கள் வந்து சோதிக்க வேண்டுமென்று காத்திருப்பது நமக்கு அழகல்ல. இங்கே விற்கிற ஒவ்வொரு யந்திரமும் இங்கேயிருக்கிற தோல்களில், ஆரோக்கியசாலிகளிடம் மட்டுமன்றி, படுத்த படுக்கையாக இருக்கிறவர்களிடமும் சோதிக்கப்பட வேண்டும். அதன் பிழை எவ்வளவு என்பது விலையைப் போலவே பெட்டியின்மேல் தமிழில் அச்சிடப்பட வேண்டும். இதை இங்குள்ள டாக்டர்களும் கேட்க வேண்டும்; பணம் கொடுத்து வாங்குகிற நாமும் கேட்க வேண்டும்.

டாக்டர் நண்பர் கடைசியில் என்னிடம், “சரி ஐயா, உமக்கு யந்திரத்தின்மேல் என்ன விரோதம்?” என்று கேட்டார். ஒரு விரோதமும் இல்லை. அது ஒரு சாட்சி. சாட்சியைச் சாட்சியாக மதிக்கிறேன். நீதிபதியின் ஆசனத்தில் உட்காரவைக்க மாட்டேன் என்கிறேன்.

எங்கள் அக்கா வீட்டு அலமாரியில் இப்போதும் அந்தக் கிளிப் இருக்கிறது. அத்தான் தினம் காலையில் காப்பி குடித்ததும் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அதை மாட்டிப் பார்க்கிறார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, “இது 96ங்குது. நான் சொல்றேன், மூச்சு நல்லாத்தான் இருக்கு” என்கிறார். இரண்டு வாக்குமூலங்களும் ஒத்துப்போனதும் அக்கா கிளிப்பை எடுத்து உள்ளே வைக்கிறாள்.

படிக்காத என் அக்கா செய்கிற இந்த விசாரணையை, படித்த ஆஸ்பத்திரிகளும் செய்யட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.